வாசிக்க முடியாத தாளில் இடப்படும் கையெழுத்து: நீதி அமைச்சருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதி அமைச்சர் அவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்கு அருகே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியக் கடதாசிகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவையே என் அன்றாட வேலை. எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக 2024 ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில் மக்களுக்கு வாக்களித்த அரசாங்கம், அதன் இடத்தில் எதை வைக்கப்போகிறது என்பது என் தொழிலோடும் என் வீட்டோடும் தொடர்புடைய கேள்வி என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

வடக்கு கிழக்கின் அரசியல் எதிர்காலம் பற்றிய பிணக்கு சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. ஒற்றையாட்சியா, சமஷ்டியா, தனிநாடா என்ற வாதத்தில் மூன்று தலைமுறைகள் வளர்ந்து முதிர்ந்துவிட்டன. அது என்று தீரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதும் இந்த மடலின் நோக்கம் அன்று. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை சாதாரண மனிதரின் உடலையும் வாயையும் அடகில் வைத்திருக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். நாட்டின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி; கைது செய்யப்பட்ட ஒருவரை எப்படி நடத்த வேண்டும் என்பது வேறொரு கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததன் விளைவுகளை நான் தாள்களின் வழியாகப் பார்த்து வந்திருக்கிறேன்.

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னர், கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு தாயார், பிளாஸ்டிக் உறை ஒன்றில் மடியாமல் வைத்திருந்த ஒரேயொரு தாளை என் மேசையில் வைத்தார். அவருடைய மகனைத் தடுத்து வைப்பதற்கான கட்டளையின் பிரதி அது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது.

"ஐயா, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளே?" என்று கேட்டார்.

வாசித்துச் சொன்னேன். சட்டவிரோதச் செயல்களோடு தொடர்புபட்டவர் எனச் சந்தேகிப்பதற்குக் காரணம் உண்டு என்ற வழமையான வாசகமே இருந்தது. மகனுடைய பெயரில் ஓர் எழுத்தும் பிழையாக இருந்தது.

"என்ன செயல் எண்டு எழுதேல்லையோ?"

"இல்லையம்மா."

"அப்ப பிள்ளை எதுக்கெண்டு மறுமொழி சொல்லுறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை. அவர் தாளை மறுபடியும் உறையில் இட்டு, நாலாம் மாடிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டுக்கொண்டு போனார். கொழும்பில் நாலாம் மாடி என்றால் குற்றப் புலனாய்வுப் பொலிஸாரின் விசாரணைக் கட்டடம் என்று எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு, அதே மகன் கொடுத்ததாகக் கூறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் அவருடைய சட்டத்தரணி மூலமாக மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. பதினொரு பக்கங்கள், அனைத்தும் சிங்களத் தட்டச்சு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழ் எழுத்தில் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில் மட்டும் கையெழுத்து அடியில் இல்லாமல், பக்கத்தின் நடுவே, அச்சிட்ட இரண்டு வரிகளின் மீது ஏறிக் கிடந்தது. அந்த எழுத்துக்களை வாசிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு வாக்கியத்தின் நடுவில் தம் பெயரை எழுதியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளன் தாளில் உள்ளதை மாத்திரமே எழுத வேண்டும் என்பதால் "இவ்விடத்தில் தமிழில் கையொப்பம்" என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என் தொழில் வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்திய குறிப்பு அதுதான்.

சட்டத்தில் இதன் இடம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் பொதுமக்களும் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்நாட்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பொலிஸ் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய பாதுகாப்பு அது. மாடு திருடியவருக்கும், கொலை செய்தவருக்கும் கூட அந்தப் பாதுகாப்பு இன்றுவரை உண்டு. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவோ அதை எடுத்துவிட்டது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும், அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு, அடிபட்டதாகச் சொல்பவரின் தலையிலேயே விழும். தனி அறையில் தனக்கு நேர்ந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்?

சிங்கராசா வழக்கு இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. 1993 இல் கிழக்கில் ஒரு சுற்றிவளைப்பில் கைதான அவர், சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார்; அந்த வாக்குமூலத்தின் பேரில் 1995 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைந்தது. வெளியாள் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் பெறப்பட்ட வாக்குமூலத்தை ஏற்றதும், அதை மறுக்கும் சுமையை அவர்மீது வைத்ததும் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறின என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் கண்டது. 2006 இல் எமது உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழிசெய்த விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்துகொண்டதே அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி அந்தக் கதவை மூடியது. ஒரு மனிதருக்குத் தெரியாத மொழியில் அவருடைய குற்றத்தை எழுதி, அவருடைய விரலைப் பிடித்து மையில் தோய்க்க முடியும் என்றால், அந்த நீதிமன்றத்தில் என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் எதற்கு?

2022 ஆம் ஆண்டின் திருத்தத்தில் சில நல்ல மாற்றங்கள் வந்ததை மறுக்கவில்லை. அமைச்சரின் கட்டளையின் பேரில் ஒருவரைத் தடுத்து வைக்கக்கூடிய உச்சக்காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைந்தது. தடுத்து வைத்துள்ள இடத்துக்கு நீதவான் சென்று பார்க்க வேண்டும் என்றும் ஆனது. ஆனால் 16 ஆம் பிரிவு அப்படியே விடப்பட்டது. அந்தப் பிரிவு இருக்கும்வரை மற்றத் திருத்தங்கள் ஓட்டைக் கூரைக்கு வெள்ளையடிப்பது போன்றவையே. இந்தச் சட்டம் 1979 யூலையில் மூன்று ஆண்டுகளுக்கு என்று கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது என்பதையும், அதன் பெயரில் இன்றும் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொற்கள் இருக்கின்றன என்பதையும் புதிய வரைவை எழுதுவோர் மனத்தில் இருத்த வேண்டும். அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு வரி ஓர் ஆயுட்காலம் நீடிக்கும்.

இனி, என் வீட்டிலே நடந்த ஒன்று. 2007 இல் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் இருப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியைக் கதவுக்குப் பின்னால் மின்மானிக்கு மேலே செருகி வைத்திருப்போம். இரவில் கதவு தட்டினால் முதலில் கை போகும் இடம் அதுதான். முந்தைய ஆண்டு, வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டதிலிருந்து வடக்கிலிருந்து வருவோர் தொகை கூடியிருந்தது. என் மனைவியின் பெரியம்மா கண் சத்திரசிகிச்சைக்காக வந்தபோது, பட்டியலில் புதிய பெயர் சேர்ந்தால் வீண் தொல்லை என்று வீட்டுச் சொந்தக்காரர் தயங்கினார். அவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். ஆகவே பெரியம்மாவைக் காலி வீதிக்கு அப்பால் ஓர் ஒழுங்கையில் இருந்த லொட்ஜில் தங்க வைத்தோம். சொந்த மகள் வீட்டில் தாய்க்கு இடமில்லாமல் போவது போன்ற அந்த வெட்கம் இன்றும் என் மனைவியிடம் உண்டு.

யூன் 7 ஆம் திகதி விடியும் முன்பே கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, போதிய காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். 376 பேர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பெரியம்மா தம் கிளினிக் கொப்பியை விரித்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருந்த திகதியை விரலால் காட்டியிருக்கிறார். யாரும் அதைப் பார்க்கவில்லை. வவுனியா போய்ச் சேரும்வரை அந்தக் கொப்பியை மடியிலேயே வைத்திருந்ததாகப் பின்பு சொன்னார். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் பேரில், உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பெரியம்மா திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

இதை வடுவைக் கிளற நான் எழுதவில்லை. போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அந்த நாள்களிலும் ஒரு மனு, ஒரே நாளில், பஸ்களை நிறுத்தியது. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் நடமாடும் சுதந்திரம் எழுதப்பட்டிருந்ததாலும், 126 ஆம் உறுப்புரை நேரே உயர் நீதிமன்றம் செல்ல வழி வைத்திருந்ததாலும்தான் அது நடந்தது. பாதுகாப்பையும் உரிமையையும் ஒருசேரக் காக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு நாள் போதுமான பதில் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, பேச்சு. 1983 யூலை வன்செயல்கள் நடந்து, வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டு இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. இலங்கைக்குள் தனிநாடு ஒன்று அமைவதை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிப்பதும் ஊக்குவிப்பதும் பரிந்துரைப்பதும் அதன்படி குற்றம். ஆயுதம் ஏந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. தண்டனையாகக் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகள்வரை பறிக்கலாம். அந்த உரிமைகள் எவை என்று அதே உறுப்புரை விளக்குகிறது: கடவுச்சீட்டுப் பெறுவது, அரச பரீட்சைக்குத் தோற்றுவது, அசையாச் சொத்து வைத்திருப்பது, அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழிலைச் செய்வது. ஒரு கருத்துக்கு விலையாக ஒருவரின் பரீட்சையையும் வீட்டையும் கேட்கும் சட்டம் அது. 1977 இல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அந்தத் திருத்தம் கோரிய சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். வாக்குப்பெட்டியின் வழி பேச வந்தவர்கள் வெளியேறிய இடத்தில், துப்பாக்கியின் வழி பேசுவோர் வளர்ந்தார்கள். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுவும் ஒன்று என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

சமஷ்டி கேட்பதே பிரிவினை கேட்பதாகும் என்று இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2017 ஆகஸ்ட் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் நிராகரித்தது. சமஷ்டியைப் பரிந்துரைப்பது தனிநாட்டைப் பரிந்துரைப்பது ஆகாது என்ற அந்தத் தீர்ப்பை நான் முழுவதும் வாசித்தேன், நிம்மதியாக இருந்தது. ஆயினும் ஒரு சொல்லைச் சொல்லலாமா என்று அறிவதற்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்த நாட்டில், பாடசாலை ஆசிரியரோ பத்திரிகையாளரோ எப்படி வாய் திறப்பார்? கனடாவில், நாட்டைவிட்டு கியூபெக் மாகாணம் பிரிய வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரிய ஒரு கட்சி 1993 இல் 54 ஆசனங்களோடு கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சியாகவே அமர்ந்தது. அதே கனடா, 1970 இல் கடத்தல்களுக்குப் பதிலாகப் போர்க்கால அதிகாரங்களைப் பயன்படுத்தி ஏறக்குறைய 500 பேரைப் பிடித்து, அவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் குற்றச்சாட்டே இல்லாமல் விடுவித்த நாடுதான். அந்தத் தவறுக்குப் பிறகு அவர்கள் பேச்சைத் தடைசெய்யவில்லை, பேசவிட்டு, வாக்களிக்கவிட்டார்கள். நாடு இன்றும் ஒன்றாக இருக்கிறது.

என் மக்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இராது. தனிநாட்டின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே அவகாசம் கொடுத்தார்கள். அரசியலமைப்பின் வழியாகத் தீர்வு தேடிய சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1999 யூலை 29 ஆம் திகதி இதே கொழும்பின் வீதியில் கொல்லப்பட்டார். அடக்கப்பட்டவர்களின் கையில் அதிகாரம் வந்தாலும், மாற்றுக் கருத்தைத் துரோகம் என்று பெயரிட்டால் அதே கொடுமைதான் நடக்கும். லொட்ஜிலிருந்து பெரியம்மாவை ஏற்றிய பஸ்ஸை நினைக்கும்போதெல்லாம், யாழ்ப்பாணத்திலிருந்து கையில் அகப்பட்டதோடு நடந்த அந்தக் குடும்பங்களையும் நான் நினைக்கிறேன். இந்த உரிமைகள் தமிழருக்காக மாத்திரம் கேட்கப்படுபவை அல்ல.

உண்மையில் இந்தச் சட்டம் தமிழரோடு நின்றதும் இல்லை. பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் எழுதியவற்றுக்காக 2009 இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த அதே சட்டத்தின் கீழ்தான், மன்னாரைச் சேர்ந்த இளம் முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 இல், அவருடைய தமிழ்க் கவிதைகளைச் சரியாக வாசிக்கத் தெரியாதவர்களால், தீவிரவாதம் பரப்பியதாகப் பிடிக்கப்பட்டு, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். மறுபடியும் மொழிதான். 2022 போராட்டத்தின் பின்னர் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே ஐந்து மாதங்களுக்கும் மேலாக இந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார். இன்று ஆளும் தரப்பின் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியே 1983 இல் தடைசெய்யப்பட்ட கட்சி என்பதை நான் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் எந்தச் சட்டத்தின் கீழும் சான்றாகக் கூடாது. பழைய சாட்சியக் கட்டளைச் சட்டம் தந்த பாதுகாப்பை எல்லோருக்கும் திருப்பிக் கொடுங்கள். தடுத்து வைக்கும் அதிகாரம் அமைச்சரின் கையிலிருந்து நீதிபதியின் கைக்குப் போகட்டும். கைதானவரின் உறவினருக்கு, கைது செய்தவரின் பெயர், பதவி, காரணம், கொண்டுசெல்லும் இடம் ஆகியவை எழுதிய பற்றுச்சீட்டு, உறவினர் வாசிக்கும் மொழியில், அந்த இடத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். 2006 ஆம் ஆண்டு ஜனாதிபதி விடுத்த பணிப்புரைகளில் இப்படி ஓர் ஆவணம் பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது. ஆனால் ஆள் கடத்தலுக்குப் பேர்போன வெள்ளை வான் வாகனத்தில் ஏற்றப்பட்டவரின் மனைவியிடம் அந்தத் துண்டு இருந்ததாக நான் ஒருபோதும் கண்டதில்லை. பணிப்புரை போதாது, மீறுவோருக்குத் தண்டனையோடு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பயங்கரவாதம் என்பதற்கான வரைவிலக்கணம், உயிருக்கு எதிரான வன்செயலையும் அதற்கான தூண்டுதலையும் தாண்டிப் பேச்சு, எழுத்து, வேலைநிறுத்தம், நினைவுகூரல் ஆகியவற்றுக்குள் புகக் கூடாது. ஆறாவது திருத்தத்தை நீக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்; அது உங்களிடம் இருக்கிறது. உடனே அதற்குத் துணிவு வராவிட்டால், அமைதி வழியில் கூறப்படும் எந்த அரசியல் கருத்தின் பேரிலும் வழக்குத் தொடுக்கப்படமாட்டாது என்பதையாவது நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கூறுங்கள். எவருடைய கருத்தும் வெல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைச் சொன்னவர் அன்றிரவு வீட்டில் படுக்க முடிய வேண்டும்.

கடைசியாக, என் தொழிலோடு சேர்ந்த ஒரு வேண்டுகோள். புதிய சட்டத்தின் வரைவைச் சிங்களத்தில் வெளியிடும் அதே நாளில், அதே மணியில், முழுமையான தமிழ் வாசகத்தையும் வெளியிடுங்கள். கருத்துத் தெரிவிக்கும் காலத்தை அதன் பின்னரே எண்ணத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பில் ஆட்கள் குறைவு என்றால், புதுக்கடையில் என்னைப் போல் பலர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், இரவிரவாக இருந்து செய்து தருகிறோம். கிளிநொச்சியிலிருந்து வரும் தாயார் அந்தத் தாளை என் மேசைக்குக் கொண்டுவராமலே தாமாக வாசித்துக்கொள்ள முடிய வேண்டும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
ஒரு மொழிபெயர்ப்பாளன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.